பார்க்காமலே பழைய யூஃபோனியம் வாங்கலாமா? விற்பவரிடம் என்ன கேட்க வேண்டும்?

கேள்வி: காக்ஸ்டவுன் பாஸ்

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரு காக்ஸ் டவுனில் உள்ள எங்கள் தமிழ் ஆலயத்தில், பாடகர் குழுவோடு சேர்ந்து வாசிக்கும் சிறிய பித்தளை வாத்தியக் குழு ஒன்று இருக்கிறது. டிரம்பெட்டும் கார்னெட்டும் ஒரு டிராம்போனும் உண்டு. பாட்டின் அடிக்குரலான பாஸ் வரியை வாசிக்க ஆள் இருக்கிறார், வாத்தியம்தான் இல்லை. இதுவரை அந்த வரியைக் கீபோர்டில் ஒப்பேற்றி வருகிறோம். கேரல் பவனிக்கு வீடு வீடாகப் போகும் இரவுகளில் அதுவும் முடிவதில்லை.

புதியது வாங்கும் வசதி ஆலயக் குழுவுக்கு இல்லை. இந்த ஊரில் பழைய டிரம்பெட்டும் சாக்ஸபோனும் அவ்வப்போது விற்பனைக்கு வருகின்றன, ஆனால் யூஃபோனியம், டியூபா போன்ற பெரிய வாத்தியங்கள் வருவது அபூர்வம். இப்போது கண்ணில் பட்டிருப்பவை மூன்று. முதலாவது, டெல்லியில் காலஞ்சென்ற ஒரு பேண்டு மாஸ்டரின் குடும்பத்தார் விற்கும், விரலால் அழுத்தும் நான்கு வால்வுகள் கொண்ட யூஃபோனியம். வெள்ளி முலாம் பூசியது, பெல்லில் (விரிந்த வாயில்) பெசன், லண்டன் என்று வாத்திய நிறுவனத்தின் பெயர் பொறித்திருக்கிறது. இரண்டாவது, மும்பையில் ஒரு பள்ளி தன் பேண்டைக் கலைத்துவிட்டதால் விலைக்கு வந்திருக்கும் யமஹா ஒய்இபி-321. மூன்றாவது, ஜப்பானிலிருந்து இணையம் வழியாக ஒருவர் விற்கும் பி-ஃப்ளாட் டியூபா. படங்கள் மூன்றிலும் நன்றாகவே இருக்கின்றன, ஆனால் எதையும் வாயில் வைத்து ஊதிப் பார்க்க வழியில்லை.

படத்தையும் வீடியோவையும் மட்டும் வைத்து எவற்றை உறுதி செய்துகொள்ள முடியும், எந்தக் குறை சரிசெய்யக் கூடியது, எந்தக் குறை இருந்தால் பேச்சையே நிறுத்திவிட வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். பாஸ் வரிக்கு டியூபாதான் வேண்டும் என்று குழுவில் சிலர் வற்புறுத்துகிறார்கள். அதைப் பற்றியும் உங்கள் கருத்தை எழுதுங்கள்.

பதில்: பிஸ்டன் பித்தன்

கடைசியில் கேட்டதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அது தெளிவானால் மூன்றில் ஒன்று தானாகவே கழிந்துவிடும். ஞானப்பாட்டுகளின் நான்கு குரல் அமைப்பில் பாஸ் வரி பெரும்பாலும் கீழே எஃப் வரை, அதாவது பாஸ் க்ளெஃபின் அடிக்கோட்டுக்கு உடனடிக் கீழான இடம் வரை இறங்கும். சில பாட்டுகளில் ஈ-ஃப்ளாட்டையும் தொடும். இந்த எல்லை முழுவதும் நான்கு வால்வு யூஃபோனியத்துக்குள் வசதியாக அடங்கும். டியூபா வந்தால் அதே வரியை ஒரு ஸ்தாயி கீழே இரட்டித்து வாசிக்கலாம், கேட்கவும் கம்பீரமாக இருக்கும். ஆனால் குழுவில் முதல் பாஸ் வாத்தியமாக அது கட்டாயமில்லை. மேலும், யூஃபோனியத்தின் குழாய் ஏறத்தாழ ஒன்பது அடி, பி-ஃப்ளாட் டியூபாவின் குழாய் பதினெட்டு அடி. கேரல் பவனியில் அதைச் சுமக்கப்போகிறவரை முதலில் கேட்டுவிடுங்கள்.

நான்காவது வால்வு இருக்க வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மூன்று வால்வு வாத்தியத்தில் அந்தக் கீழ் எஃப்புக்கு முதல் வால்வையும் மூன்றாவதையும் சேர்த்து அழுத்த வேண்டும். அப்போது சுருதி ஏறி நிற்கும். ஈ-க்கு மூன்றையும் அழுத்தினால் இன்னும் ஏறும், ஈ-ஃப்ளாட் கிடைக்கவே கிடைக்காது. நான்காவது வால்வு ஒன்றே எஃப்பைத் தந்துவிடுகிறது. அதற்கும் கீழே வரும் ஏற்றத்தைச் சரிசெய்யத்தான் பிளெய்க்லி என்பவர் 1874-இல் காம்பென்சேட்டிங் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். நான்காவது வால்வை அழுத்தினால் காற்று மற்ற வால்வுகளின் வழியே இரண்டாம் முறை சுற்றி வந்து, குறைகிற நீளத்தை அங்கே உள்ள சிறு வளையங்களில் எடுத்துக்கொள்ளும். டெல்லியில் இருப்பது அந்த வகையாக இருக்கலாம். மும்பையில் உள்ள யமஹா 321 அந்த வகை அல்ல. ஆலயப் பாடல்களுக்கு அந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது.

பார்க்காமல் வாங்கும்போது என் அச்சமெல்லாம் வால்வுகளைப் பற்றித்தான். நசுங்கலைப் படம் காட்டிக்கொடுக்கும், காற்றுக் கசிவைக் காட்டாது. அதற்கு விற்பவரிடம் ஒரு சிறு வீடியோ கேளுங்கள். வால்வு எதையும் அழுத்தாமல், முதல் வால்வின் ஸ்லைடை (இழுத்து நீட்டக்கூடிய வளைகுழாயை) இரண்டு அங்குலம் வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு சற்றுப் பொறுத்து அந்த வால்வை அழுத்தச் சொல்லுங்கள். வால்வுக்குள் ஏறி இறங்கும் பிஸ்டனுக்கும் அதன் உறைக்கும் இடையே காற்று கசியாவிட்டால் "டப்" என்று ஓசை கேட்கும். ஓசை மெலிந்தோ இல்லாமலோ போனால் இழுக்கும்போதே காற்று உள்ளே புகுந்துவிட்டது என்று பொருள். நான்கு வால்வுகளிலும் இதைச் செய்ய வேண்டும், மைக் அருகில் இருக்க வேண்டும். வழக்கமான மெல்லிய வால்வு எண்ணெய் மட்டுமே போட்டிருக்க வேண்டும், ஏனென்றால் கெட்டியான எண்ணெய் கசிவைச் சிறிது நேரம் மறைத்துவிடும்.

அடுத்ததாக, பிஸ்டன்களை வெளியே எடுத்து, துடைத்து, வெளிச்சத்தில் வைத்துப் படம் அனுப்பச் சொல்லுங்கள். நிக்கல் முலாம் பூசிய பிஸ்டனில் மஞ்சளாகவோ செம்பு நிறமாகவோ திட்டுகள் தெரிந்தால் முலாம் தேய்ந்துவிட்டது. மோனெல் உலோகத்தால் ஆன பிஸ்டனாக இருந்தால் முலாமே இருக்காது, எனவே நிறத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அங்கே "டப்" சோதனைதான் சாட்சி. தேய்ந்த வால்வுகளுக்கு மீண்டும் முலாம் ஏற்றி உறைக்குப் பொருந்த உரசித் தருபவர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள், ஆனால் அந்தச் செலவு வாத்தியத்தின் விலையை விழுங்கிவிடும். நான்கில் இரண்டு வால்வுகள் தேறாவிட்டால் அந்த வாத்தியத்தை மறந்துவிடுங்கள்.

பிறகு சுருதி. இங்கிலாந்தின் பிராஸ் பேண்டுகளும் இரட்சணிய சேனைக் குழுக்களும் 1960-களின் நடுப்பகுதி வரை உயர் சுருதியில், அதாவது ஏ என்ற சுரம் 452.5 ஹெர்ட்ஸாக இருக்கும் அளவில் வாசித்தன. இன்றைய 440-ஐ விட இது ஏறக்குறைய 48 சென்ட் அதிகம், அதாவது கிட்டத்தட்ட அரைச் சுரத்தில் பாதி. இரட்சணிய சேனை தனக்கென செயின்ட் ஆல்பன்ஸ் நகரில் 1972 வரை பட்டறையே வைத்திருந்தது. அந்தக் கால வாத்தியங்கள் இந்தியாவிலும் உலவுகின்றன. உங்கள் கீபோர்டு 440-இல் இருக்கும்போது அத்தகைய வாத்தியம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை. டெல்லியில் உள்ளது பெசன் என்பதால், சுருதி காட்டும் டியூனரின் திரை தெரியும்படி வைத்து, வால்வு எதையும் அழுத்தாத பி-ஃப்ளாட்டை நீளமாக ஊதி வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். டியூனிங் ஸ்லைடு எவ்வளவு வெளியே இருக்கிறது என்பதும் அதே சட்டகத்தில் தெரிய வேண்டும்.

பதில்: பழைய பேண்டுக்காரன், அல்சூர்

மேலே எழுதியவரோடு எனக்கு உடன்பாடே. ஆனாலும் விற்பவர் வாசிக்கத் தெரியாதவராக இருந்தால் வீடியோ பெரிதாக உதவாது. ஸ்லைடு இழுக்க வராமல் இறுகியிருந்தால் அவர் இடுக்கியைக் கொண்டு வந்துவிடுவார். அதனால் "வராவிட்டால் விட்டுவிடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. ஸ்லைடின் வளைவில் இடுக்கிப் பல் பதிந்த தடம் படத்தில் தெரிகிறதா என்றும் பாருங்கள், தெரிந்தால் அந்த வாத்தியம் யார் யார் கையிலோ சிக்கியிருக்கிறது. இறுகிய ஸ்லைடு தனியாக ஒரு பெரிய குறை அல்ல. ஊடுருவும் எண்ணெய் விட்டு, இரண்டு நாள் வைத்து, மிதமாகச் சூடு காட்டினால் பெரும்பாலும் வந்துவிடும்.

சொட்டை விழுந்ததைப் பார்த்து மிரள வேண்டாம். பெல்லின் விளிம்பிலும் அடி வளைவிலும் உள்ள சொட்டைகள் ஒலியை அதிகம் பாதிப்பதில்லை. உள்ளே இரும்புக் குண்டை விட்டு வெளியே காந்தத்தை வைத்து உருட்டினால் பெரும்பகுதி நிமிர்ந்துவிடும். மடிப்பு விழுந்திருந்தால் மட்டும் ஒரு கோடு மிஞ்சும். மவுத்பீஸ் நுழையும் முதல் குழாயில் விழுந்த சொட்டை சிறிதாக இருந்தாலும் கவனிக்க வேண்டியது, ஏனென்றால் குழல் குறுகலாக உள்ள இடத்தில் ஏற்படும் மாற்றம் ஊதும் தடையையும் சுருதியையும் உடனே காட்டிவிடும். இன்னொன்று, வால்வு உறையின் மீது அடிபட்டிருந்தால் பிஸ்டன் சிக்கும். அதை நிமிர்த்துவது சாதாரணப் பட்டறை வேலை அல்ல. கார் டிங்கரிங் கடையில் கொடுத்துவிடாதீர்கள், அப்படிக் கெட்டுப்போன உறைகளைப் பார்த்திருக்கிறேன்.

அந்த முதல் குழாயில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று நல்ல வெளிச்சத்தில் எடுத்த படம் கேளுங்கள். வாசிப்பவரின் மூச்சு ஈரத்தால் பித்தளையிலிருந்து துத்தநாகம் வெளியேறி, வெறும் செம்பு மிஞ்சும்போது அந்த நிறம் வரும். அது உள்ளிருந்து வெளியே வருவது, ஆகவே வெளியே தெரிவதைவிட உள்ளே அதிகமாக இருக்கும். புறத்தே படியும் பச்சைக் களிம்பைப்போல இதைத் தேய்த்து எடுக்க முடியாது. ஒரே குழாயில் மட்டும் இருந்தால் அதை மாற்றிவிடலாம், பல இடங்களில் இருந்தால் வேண்டாம்.

வெள்ளி முலாம் பூசியதைப் பற்றி ஒரு சொல். பேண்டு மாஸ்டர்கள் அணிவகுப்புக்கு முன்பு பாலிஷ் போட்டுத் தேய்ப்பது வழக்கம். பெல்லில் உள்ள எழுத்துகளின் ஓரங்கள் கூர்மையாக இருக்கின்றனவா, மழுங்கிவிட்டனவா என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மழுங்கியிருந்தால் முலாம் மட்டுமல்ல, தகடும் மெலிந்திருக்கும். அத்துடன், லண்டன் என்ற பொறிப்பை மட்டும் நம்பி விலை கொடுக்காதீர்கள். மீரட் ஜாலி கோட்டியில் நாட்டின் பேண்டுகளுக்கெல்லாம் வாத்தியம் செய்யும் பட்டறைகள் இருக்கின்றன, அங்கே நல்ல வேலைக்காரர்களும் இருக்கிறார்கள். ஆனால் தகட்டில் எழுத்துப் பொறிப்பது யாருக்கும் கடினமல்ல. வால்வு உறையில் உள்ள வரிசை எண்ணைக் கேட்டு வாங்கி, அது அந்த நிறுவனத்தின் எண் வரிசைக்குள் வருகிறதா என்று சரிபாருங்கள்.

பதில்: மாட்டுங்கா டிராம்போன்

நான் மும்பையில் இருப்பதால் சற்று மாறுபட்ட கருத்தைச் சொல்கிறேன். வீடியோவை வைத்து வாத்தியத்தைக் கழிக்கலாம், தேர்ந்தெடுக்க முடியாது. ஊதும்போது எந்தச் சுரம் பிடிக்காமல் வழுக்குகிறது, எது அடைத்துக்கொள்கிறது என்பதை உதடு மட்டுமே அறியும். எனவே வீடியோவில் தேறிய பிறகு, அந்த ஊரில் பித்தளை வாத்தியம் வாசிக்கும் ஒருவரை நேரில் அனுப்பி ஊதிப் பார்க்கச் சொல்வதுதான் முறை. நகரத்தில் ஆலயக் குழுக்களும் கல்யாண பேண்டுகளும் இருக்கின்றன. யூஃபோனியம் வாசிப்பவர்தான் வேண்டும் என்பதில்லை, டிராம்போன் வாசிப்பவருக்கும் இதே அளவு மவுத்பீஸ் பழக்கமாக இருக்கும்.

ஜப்பான் டியூபாவைப் பொறுத்தவரை, விலையைப் பார்க்கும் முன் பெட்டியின் அளவைப் பாருங்கள். விமானக் கூரியர்கள் எடையை மட்டுமல்லாமல், நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வரும் எண்ணையும் பார்ப்பார்கள், இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்டணம் கேட்பார்கள். 110, 60, 55 என்ற பெட்டிக்கு அது 72 கிலோவைத் தாண்டுகிறது. உள்ளே உள்ள டியூபா பத்துக் கிலோ சுமாராகத்தான் இருக்கும். காற்றுக்கும் பஞ்சுக்கும் கட்டணம் கட்டி, அதற்கு மேல் சுங்க வரியும் கட்டிய பிறகு, பழையதை வாங்கியதன் பொருளே போய்விடும்.

உள்நாட்டுப் போக்குவரத்திலும் சேதம் நேர்வது பெரும்பாலும் பெட்டியில் வைத்துக் கட்டும் விதத்தால்தான். வாத்தியத்தைப் பெல் கீழாக நிறுத்தி அனுப்பக் கூடாது, விழுந்தால் முழு எடையும் விளிம்பில் இறங்கி பெல் கழுத்து மடிந்துவிடும். உடலைச் சுற்றித் தெர்மாகோலோ நுரைப்பஞ்சோ கொடுத்து, பெல் எதையும் தொடாமல் தொங்கும்படி கட்ட வேண்டும். வால்வு மூடிகளுக்குக் கீழும் மேலும் பஞ்சு வைத்து அழுத்த வேண்டும். மவுத்பீஸையும் தனிச் சிறு திருகுகளையும் கண்டிப்பாக வெளியே எடுத்துத் தனியாகக் கட்ட வேண்டும், பெட்டிக்குள் உருளும் மவுத்பீஸ் ஒன்றே வாத்தியத்தில் சொட்டை விழப் போதும். இதைவிட எளிய வழி, ரயிலில் கையோடு கொண்டுவருவது. யூஃபோனியம் பெட்டி உத்யான் எக்ஸ்பிரஸில் இருக்கைக்குக் கீழே நுழையாவிட்டாலும் மேல் படுக்கையில் ஆளோடு சேர்ந்து வந்துவிடும்.

பழைய டிராம்போன் எதுவும் பார்வைக்கு வந்தால் விதி வேறு. அதில் கைஸ்லைடுதான் எல்லாம். உள் குழாய்களின் நுனியில் முலாம் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். எண்ணெயிட்ட பிறகு ஸ்லைடைச் செங்குத்தாகப் பிடித்து வெளிக்குழாயைச் சற்றே தளர்த்திவிட்டால் தானாக வழுக்கி இறங்க வேண்டும், கீழே விழாமல் கையால் ஏந்திக்கொள்ளத்தான் வேண்டும்.

கேள்வி கேட்டவர்: காக்ஸ்டவுன் பாஸ்

எல்லோருக்கும் மிக்க நன்றி. டியூபாவைப் பற்றிய பேச்சு குழுவில் முடிவுக்கு வந்துவிட்டது, 72 கிலோ என்ற கணக்கைக் காட்டிய பிறகு யாரும் வாய் திறக்கவில்லை.

மற்ற இரண்டிலும் வீடியோ கேட்டேன். டெல்லிக் குடும்பத்தில் இளையவர் ஒருவர் பொறுமையாகச் செய்து அனுப்பினார். நான்கு வால்வுகளிலும் "டப்" ஓசை தெளிவாகக் கேட்கிறது, பிஸ்டன்கள் புதியதுபோல இருக்கின்றன. ஆனால் டியூனிங் ஸ்லைடைப் பாதிக்கு இழுத்த நிலையிலும் பி-ஃப்ளாட் 440 அளவுக்கு முப்பது சென்ட் ஏறி நிற்கிறது. முழுவதும் இழுத்தால் சரியாகிவிடும் என்று அவர் சொல்கிறார். மும்பையில் உள்ளதில் இரண்டாம், மூன்றாம், நான்காம் வால்வுகள் நன்றாக உள்ளன, முதல் வால்வில் மட்டும் ஓசை மெலிந்திருக்கிறது. மேலே பூசிய லாக்கர் பூச்சு பல இடங்களில் உரிந்துள்ளது, அடி வளைவில் இரண்டு சொட்டைகள் உண்டு. பார்வைக்கு டெல்லிதான் ராஜா. எதை எடுப்பது?

பதில்: பிஸ்டன் பித்தன்

டெல்லி வாத்தியத்தை விட்டுவிடுங்கள், மனம் வராவிட்டாலும். அது உயர் சுருதி வாத்தியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடைக்காது. விற்பவர் பொய் சொல்லவில்லை, முழுவதும் இழுத்தால் அந்த ஒரு பி-ஃப்ளாட் சரியாகிவிடும். கணக்கு இதுதான்: 48 சென்ட் இறங்க வேண்டுமானால் குழாயின் நீளம் ஏறக்குறைய 2.8 விழுக்காடு கூட வேண்டும். ஒன்பது அடிக் குழாயில் அது கிட்டத்தட்ட எட்டு சென்டிமீட்டர், ஸ்லைடுக்கு இரண்டு கால் இருப்பதால் நான்கு சென்டிமீட்டர் இழுத்தால் போதும். சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஒவ்வொரு வால்வின் ஸ்லைடும் அதே விகிதத்தில் நீள வேண்டும். அவற்றை இழுத்துவிடலாம் என்றே வைத்துக்கொண்டாலும், காம்பென்சேட்டிங் வால்வுகளின் பின்பக்கச் சிறு வளையங்களை நீட்ட இடமிருக்காது. டியூனர் முன்னால் ஊதினால் சரியாக இருக்கும், பாட்டு தொடங்கி இரண்டாம் வரிக்கு வருவதற்குள் டிரம்பெட்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஸ்லைடுகளை நீட்டிப் பற்றவைத்துச் சுருதியை மாற்றித் தருவது நடக்கும் காரியம்தான், ஆனால் இங்கே அதைச் செம்மையாகச் செய்யக்கூடிய கை எனக்குத் தெரியாது. பழம்பொருளாகச் சேகரிப்பவருக்கு அது நல்ல வாத்தியம், அந்தக் குடும்பத்தாரிடம் அப்படியே சொல்லிவிடுங்கள்.

மும்பை வாத்தியத்தில் நீங்கள் சொன்ன குறைகள் எல்லாமே பள்ளி வாத்தியத்தில் எதிர்பார்க்க வேண்டியவை. முதல் வால்வுதான் அதிகம் அழுத்தப்படுவது, ஆகவே அது முதலில் தளர்வதில் வியப்பில்லை. ஓசை மெலிந்திருக்கிறது என்றால் கசிவு இருக்கிறது, ஆனால் காற்றைப் பிடித்துவைக்கும் திறன் அறவே இல்லாமல் போகவில்லை. தேய்ந்த வால்வுகளுக்கென்றே சற்றுக் கெட்டியான எண்ணெய் விற்கிறது. வாங்கும்போது மறைக்கப் பயன்படும் அதே எண்ணெய், வாங்கிய பிறகு சில ஆண்டுகள் ஓட்ட உதவும். இந்தக் குறையைச் சுட்டிக்காட்டி விலையைக் குறையுங்கள். சொட்டைகளை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம், லாக்கரைத் தொடவே வேண்டாம். மீண்டும் லாக்கர் ஏற்றுவதற்காகத் தகட்டைத் தேய்ப்பது நன்மையைவிடத் தீமையே செய்யும்.

பதில்: மாட்டுங்கா டிராம்போன்

அந்தப் பள்ளி மும்பையில் எந்தப் பகுதியில் உள்ளது என்று தனிச் செய்தியில் அனுப்புங்கள். சனிக்கிழமை மதியம் எனக்கு வேலை இல்லை, போய் ஊதிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். கீழ் எஃப்பை நான்காவது வால்விலும், முதல், மூன்றாவது வால்வுகளைச் சேர்த்தும் மாறி மாறி வாசித்துப் பதிவு செய்கிறேன். கசிவு எவ்வளவு பாதிக்கிறது என்பது அதில் தெரிந்துவிடும்.

போகும் முன் ஒரு தகவல் வேண்டும். 321-இன் மவுத்பீஸ் துளை சிறிய அளவு, சாதாரண டெனர் டிராம்போன் மவுத்பீஸுக்கு உள்ள அதே தண்டு அதற்குள் நுழையும். பெரிய துளை டிராம்போன்களுக்கும் காம்பென்சேட்டிங் யூஃபோனியங்களுக்கும் செய்யப்படும் தடித்த தண்டு உள்ளே போகாது. பழைய பெசன்களுக்கு இரண்டுக்கும் இடைப்பட்ட மூன்றாவது அளவு ஒன்று உண்டு. பள்ளியில் மவுத்பீஸ் தொலைந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் என்னுடையதைக் கொண்டுபோகிறேன். உங்கள் ஆலயத்தில் பாஸ் வாசிக்கப்போகிறவர் இப்போது எதில் பழகுகிறார், அதன் தண்டு எந்த அளவு என்று பார்த்துச் சொல்லுங்கள். பொருந்தாவிட்டால் இங்கேயே ஒன்று வாங்கி வாத்தியத்தோடு அனுப்பிவிடலாம்.